கட்டைப் பாதை வாயில் மாட்டிய பலகை

எங்கள் செம்பனைத் தோட்டம் ஒரு வாய்க்காலோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் அரசாங்கக் காடு. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் அங்கே போய்ச் சேரலாம். சதுப்புக் காடு. கறுஞ்சாயம்போல் நிற்கும் தண்ணீர், கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் மண். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது அப்பா அதற்குள் நடந்துதான் வேட்டைக்குப் போவார். காலையில் போனால் வெயில் ஏறித் திரும்புவார். பல நாள் வெறுங்கை. காலில் அட்டைக் கடி மட்டும் இருக்கும்.

பிறகு மரம் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். லோரி உள்ளே போவதற்காகச் சதுப்பின்மேல் கட்டைகளைக் குறுக்காக அடுக்கி மூன்று மைலுக்குப் பாதை போட்டார். பெரிய மரங்கள் தீர்ந்ததும் அவர் போய்விட்டார். பாதை அப்படியே கிடந்தது. மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டினால் கடைசிவரை போகலாம். மரம் விழுந்த இடத்தில் வெயில் விழுந்தது, புல்லும் தளிரும் முளைத்தன, தளிரைத் தின்ன மான்கள் வந்தன. அப்பாவுக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. நடந்து போன காலத்தில் வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள் என்பதையும், இப்போது எல்லாருடைய துப்பாக்கியும் ஒரே கோட்டில் நிற்கிறது என்பதையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

தோட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். இளங்கன்றுகளின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்கிறது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்ததால் இருவருக்கும் உரிமம் கிடைத்தது. ஒருவர் அப்பா. இன்னொருவர் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர். உறவில்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்பேன், அவர் மனைவியை அத்தை என்பேன். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. மான் சுடுவதற்கு வருடா வருடம் வேறாக ஒரு அனுமதித் தாள் வாங்க வேண்டும். பதினோரு வயதிலிருந்து அந்தத் தாளை இருவருக்கும் நான்தான் நிரப்பினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லயத்தில் இடைநிலைப் பள்ளிவரை போன ஒரே பெண்ணும் நான்தான். மாமா என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். கிண்டலாகத்தான் சொல்வார். எனக்கு அது பட்டம்போல் இருந்தது.

ஒரே பாதையில் இரண்டு பேர் போவதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் போகிறவர் பாதை வாயில் ஓர் அகல இலைக் கிளையை ஒடித்துக் குறுக்கே போடுவார். அடிக்காம்பு காட்டைப் பார்த்து இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். வெளியே வரும்போது அதை எடுத்து வாய்க்காலில் எறிந்துவிடுவார். இலை எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்து, போனவர் எப்போது போனார் என்பதையும் சொல்லிவிடுவார்கள். பின்னால் வந்தவர் கிளையைக் கண்டால் ஒரு பேச்சும் இல்லாமல் திரும்பிவிடுவார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அது தப்பியதில்லை.

இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் நான் படித்துக்கொண்டிருந்த வருடம் வெளியாட்கள் வர ஆரம்பித்தார்கள். பூச்சோங்கிலிருந்து, கிள்ளானிலிருந்து, பங்சாரிலிருந்துகூட. அரசாங்கக் காடு, கையில் அனுமதித் தாள் இருந்தால் யாரும் போகலாம், பாதையும் போட்டுக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் பாலத்தருகே இரண்டு மூன்று வேன்கள் நிற்கும். அவர்களுக்குக் கிளை தெரியாது. சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும். ஒருநாள் ஈயக்குண்டுகள் தன் தலைக்குமேல் இலையைக் கிழித்துக்கொண்டு போனதாக அப்பா வந்து சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பாலத்தருகே கீரை பறித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே போயிருந்தார், கிளை கிடந்தது. வேனிலிருந்து இறங்கிய நம்மவர் ஒருவர், கண்ணாடி போட்டவர், அதைக் காலால் தள்ளிவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னம்மா இது, பேய்க்குப் படையல் வச்சிருக்கீங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே என் அப்பா இருக்கிறார், அதற்கு அடையாளம் என்று சொன்னேன். அவர் உடனே மரியாதையாகிவிட்டார். அப்படியானால் எழுதி வைக்கலாமே, நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு நியாயம் உறைக்கவில்லை, சிரிப்புத்தான் உறைத்தது. காட்டுமிராண்டிகள் மாதிரி இலையைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று உடம்பெல்லாம் கூசியது.

அன்றே பால்டின் பெட்டிப் பலகை ஒன்றைத் தேய்த்து, சிவப்புச் சாயத்தில் எழுதினேன். ஒரு பக்கம் மலாயிலும் தமிழிலும் "உள்ளே ஆள் இருக்கிறார்". மறுபக்கம் அதே மாதிரி இரண்டு மொழியில் "உள்ளே யாரும் இல்லை". போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் திருப்பி மாட்ட வேண்டும். கோடு போட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் எழுதினேன். பள்ளியில் சுவரொட்டிப் போட்டியில் பரிசு வாங்கிய கை. அப்பா பலகையை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கிளைய என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"இனி அது வேணாம்பா. ரெண்டு அடையாளம் இருந்தா யாரு எத நம்புறது? பாக்கிறவன் சிரிக்கிறான்."

"சரிம்மா. நீ சொன்னா சரி."

அவருக்கு எழுத்தின் அர்த்தம் தெரியாது, வடிவம் மட்டும் பழகிக்கொண்டார். 'இல்லை' இருக்கிற பக்கத்தில் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு நிற்கிறது என்று அவரே ஒரு குறி கண்டுபிடித்தார். மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

மாமாவுக்குச் சொல்லிக் கொடுக்க நான் உட்காரவில்லை. அவர் வேலை முடிந்து வரும் வழியில் நிறுத்தி, பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இந்தப் பக்கம் என்றால் ஆள் இருக்கிறது, அந்தப் பக்கம் என்றால் இல்லை, இனிமேல் கிளை கிடையாது.

"வெளங்குச்சா மாமா?"

"வெளங்குச்சு லா டீச்சரம்மா. இதுகூடத் தெரியாதா?"

அவர் பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். பதினேழு வயதுப் பெண்ணிடம் அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கம். அதைக் கண்டுகொண்டதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. வேண்டுமானால் வந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ஒரு பக்கம் முழுவதும் சாயம் பூசியிருக்கலாம். எழுத்து படிக்காதவர் கண்ணால் பார்க்க முயன்றிருந்தால் எனக்கு அது தோன்றியிருக்கும். நான் படிக்கத் தெரிந்தவளாகவே பார்த்தேன்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியாட்கள் பலகையைப் படித்துத் திரும்பிப் போனார்கள். பயன் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த இரண்டு மாதமும் மாமா எப்படிச் சமாளித்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. முந்தின நாள் மாலை அப்பாவிடம், "மச்சான், நாளைக்குப் போறியா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவார். அப்பா போகிறேன் என்றால் இவர் போக மாட்டார்.

அது பள்ளி விடுமுறை. முந்தின மாலை மாமா கேட்டதற்கு, நாளைக்கு வேலை இருக்கிறது, போகவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். இரவெல்லாம் மழை. காலையில் அப்பாவின் பகுதியில் குலை வெட்ட முடியாது என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மழை விட்ட காலையில் மான் வெட்டவெளிக்கு வரும். மாமா வேறு பகுதியில் வேலை செய்தவர். அவரை ஒரு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். அப்பா வேலையில் இருக்கிறார் என்ற நினைப்பில் அவரும் கிளம்பினார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தேன். தோளில் துப்பாக்கி இருந்ததையும் பார்த்தேன். பலகை இருக்கிறதே என்று நினைத்தேன்.

பாதை வாயில் அவர் கீழே பார்த்திருக்கிறார். கிளை இல்லை. பலகை மாட்டியிருந்தது, அது எப்போதும்தான் மாட்டியிருக்கும், எப்போதும்தான் சிவப்பு எழுத்து இருக்கும். உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது மைலில் ஆள் உயரத்துக்குப் புல். அப்பா அதற்குள் ஒரு மானைச் சுட்டு, நான்கு காலையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இன்னும் உள்ளே நிறுத்தியிருந்த தன் மோட்டார் சைக்கிளுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். புல்லுக்குமேல் மாமா பார்த்தது பழுப்புத் தோலும் அசைகிற காதும்.

அப்பாவைத் தன் முதுகோடு சேர்த்துக் கைலியால் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டைகளின்மேல் மாமா மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தார். ஒவ்வொரு கட்டைக்கும் வண்டி குதித்திருக்கும். லயத்து முன்னால் வந்து நின்றபோது மாமாவால் இறங்க முடியவில்லை, இரண்டு பேரையும் சேர்த்தே தூக்கி இறக்கினார்கள். முடிச்சை அவிழ்க்க முடியாமல் யாரோ அரிவாளால் கைலியை அறுத்தார்கள். தோட்டத்து லோரியில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அப்பாவின் தலை அம்மா மடியில் இருந்தது. பாதி வழியில் அம்மா அவர் கண்ணை மூடிவிட்டாள். லோரியை நிறுத்தச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் போலீஸ்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி மலாய்க்காரர், அமைதியானவர். மேசைமேல் என் பலகை இருந்தது. நீயா எழுதினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தெளிவாக எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு, பிடிபட்டவர் ஏதோ கிளை இல்லை, கிளை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார், அது என்ன என்று கேட்டார்.

நான் நல்ல மலாயில் பதில் சொன்னேன். அது பழைய ஆட்களின் வழக்கம், பலகை வந்த பிறகு அது தேவைப்படவில்லை, பலகையைப் பற்றி அவருக்கு விளக்கப்பட்டது, விளங்கியது என்று அவரும் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது, நன்றாகப் பேசினோம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அப்பா இறந்து நான்காம் நாள் அது.

அந்தச் சில வரிகளால் அவர் எச்சரிக்கையைக் கண்டும் மதிக்காமல் உள்ளே போன ஆள் ஆகிவிட்டார். விபத்து என்று விட்டுவிடக்கூடியது, அஜாக்கிரதையால் உயிர் போன வழக்காகிக் கிள்ளான் நீதிமன்றத்துக்குப் போனது. சிறை நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். ஆள் சிறைக்குப் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும். அத்தைக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். இறந்தவரின் மனைவி மன்னித்து ஒரு மனு கொடுத்தால் நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம் என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பிற்பகல் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கடையில் வாங்கிய கோடு போட்ட தாள் நான்கு. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். அம்மா உள்ளே வரச் சொன்னாள். இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தார்கள், நான் நடுவில். வேணுமென்றா செய்தார், எழுதிக் கொடு என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவளிடம் கோபம் மிச்சம் இல்லை. எதுவும் மிச்சம் இல்லை.

எழுதினேன். கனம் பொருந்திய நீதிபதி அவர்களுக்கு என்று தொடங்கி, படிப்பறிவில்லாத ஏழைத் தொழிலாளி, கவனக்குறைவால் செய்த பிழை, பிள்ளைகள் சிறியவர்கள், கருணை காட்ட வேண்டும் என்று ஒரு பக்கம். பிசிறில்லாத மலாய். அத்தை அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தாளில் விரலை வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா கவனம் இல்லாத ஆளுன்னு எழுதியிருக்கியே. கிளை கெடந்து அவரு ஒரு நாளாச்சும் உள்ள போயிருக்காரா? உங்கம்மாவையே கேளு."

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"அன்னிக்கு ஏன் கிளை இல்ல? அத மட்டும் எழுது. அவரு ராவும் பகலும் அதத்தான் கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்றது?"

அவருக்கு உண்மையாகவே தெரியாது. மாமா வீட்டில் பலகையைப் பற்றிப் பேசியதே இல்லை. புரியாததைப் புரிந்தது என்று சொன்ன மனிதர் அதை மனைவியிடம் எப்படிச் சொல்வார்? அம்மாவுக்கும் தெரியாது. இனிமேல் கிளை கிடையாது என்று நான் போகிற போக்கில் சொன்னதும் மாமா மனதில் ஏறவில்லை; கிளையை நிறுத்தச் சொன்னது நான் என்று அறிந்த ஒரே ஆள் அப்பா.

எழுதிய தாளைக் கிழித்தேன். இரண்டாவது தாளை எடுத்து எழுதினேன். கிளை வழக்கம் இன்னது, அது இத்தனை வருடம் தவறவில்லை, அதை நிறுத்தச் சொன்னது இறந்தவரின் மகளாகிய நான், இவருக்குப் படிக்கத் தெரியாது என்பதும் பலகை இவருக்குப் புரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும், தெரிந்தே சொல்லிக் கொடுக்கவில்லை, போலீசில் இதை நான் சொல்லவில்லை. இந்த முறை மலாய் அவ்வளவு நன்றாக வரவில்லை. எழுதி முடித்ததும் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் தமிழில் வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். இரண்டு பெண்கள் நடுவில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல்.

அத்தை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க வைக்கணும்?" என்று கேட்டாள்.

பேனா மையைக் கட்டைவிரலில் தடவிவிட்டேன். இடத்தைக் காட்டினேன். அழுத்தி வைத்தாள்.

"நீயும் கீழ எழுது. உனக்குத்தான் எழுதத் தெரியுமே."

என் பெயரை எழுதினேன்.

மனுவை நானே கிள்ளானுக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணை நாளில் நீதிபதி அதைப் படித்தார், என்னை எழுந்து நிற்கச் சொல்லி ஒருமுறை பார்த்தார், உட்காரச் சொன்னார். கேள்வி கேட்கவில்லை. எத்தனை காரணம் இருந்தாலும் துப்பாக்கி வைத்திருப்பவன் கண்ணால் பார்த்துத்தான் சுட வேண்டும் என்றார். அது சரிதான். வருடக்கணக்கில் என்று பயந்தது சில மாதங்களாகக் குறைந்தது. அந்த மாதங்களே போதுமானதாக இருந்தன. நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. அத்தை பிள்ளைகளோடு லோரியில் ஏறியபோது லயமே நின்று பார்த்தது. அம்மா மட்டும் போய்ச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இப்போது நான் நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில், ஓர் அலுவலகத்தில் மற்றவர்களுக்காகக் கடிதம் தட்டச்சு செய்கிறேன். சம்பளம் நான்தான் கொண்டு வருகிறேன், அம்மா என்னோடுதான் இருக்கிறாள். படிக்கத் தெரியாத யாராவது மேசைக்கு முன்னால் வந்து நின்று விளங்கியது என்று தலையாட்டினால், நான் நம்புவதில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. படித்த திமிர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மாமா வெளியே வந்த பிறகு ஒருமுறை அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்ததாக அம்மா சொன்னாள்.